புகையோடு போராடிய பொறியாளர் யூஜின் ஹூட்ரி

(இந்த மாத அறிவியல் அறிஞர்)



எங்காவது ஒரு பெட்ரோல் கார் நின்றுகொண்டிருந்தால், கொஞ்சம் குனிந்து அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். (ஓடும்போது வேண்டாம்! காரின் சொந்தக்காரரிடம் கேட்டுவிட்டுப் பாருங்கள்.) இன்ஜினிலிருந்து பின்பக்கம் வரை நீளமாக ஒரு குழாய் போகும். பின்னால் இருக்கும் பெரிய டப்பா சைலன்சர் என்று நம் எல்லோருக்கும் தெரியும். அது சத்தத்தைக் குறைக்கிறது. அதற்கு முன்னால், இன்ஜினுக்குப் பக்கத்தில், இன்னொரு டப்பா உண்டு. சில கார்களில் அது இன்ஜினோடு ஒட்டியே இருக்கும். அப்படி ஒன்று இருப்பதே பல பேருக்குத் தெரியாது. அதன் பெயர் கேட்டலிடிக் கன்வர்ட்டர். தமிழில் வினையூக்கி மாற்றி என்று சொல்லலாம்.

சைலன்சர் வேலை செய்யாவிட்டால் நம் காதுக்கு உடனே தெரிந்துவிடும். ஆனால் இந்த டப்பா வேலை செய்யாவிட்டால் காதுக்கும் தெரியாது, பெரும்பாலும் கண்ணுக்கும் தெரியாது. நம் நுரையீரலுக்கு மட்டும்தான் தெரியும்.

இந்த டப்பாவுக்கு வழி காட்டியவர்தான் யூஜின் ஹூட்ரி. எடிசன், மேடம் கியூரி மாதிரி இவர் பெயர் நம் பாடப்புத்தகத்தில் அடிபடுவது இல்லை. ஆனால் பெட்ரோலியத் துறையில் இவரைத் தெரியாதவர் கிடையாது. இவர் வாழ்க்கையில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கார் நன்றாக ஓட நல்ல பெட்ரோல் தந்தவரும் இவர்தான். அந்தப் பெட்ரோல் கக்கிய புகையைச் சுத்தம் செய்யப் பாடுபட்டவரும் இவர்தான்!

பிறப்பும் படிப்பும்

பிரான்சு நாட்டுத் தலைநகர் பாரீசுக்கு அருகே டோமோன் என்று ஒரு ஊர். அங்கே 1892-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் நாள் யூஜின் ஹூட்ரி பிறந்தார். அப்பா, கட்டடங்களுக்கான இரும்பு, எஃகு வேலை செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தார். வசதியான குடும்பம். வசதி இருக்கிறதே என்று ஹூட்ரி சும்மா இருந்துவிடவில்லை. இயந்திரப் பொறியியல் படித்தார். 1911-இல் வகுப்பிலேயே முதல் மாணவராகத் தேறி, அரசின் தங்கப் பதக்கமும் வாங்கினார்.

படிப்பில் முதல் என்றால் எப்போதும் புத்தகமும் கையுமாக இருந்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர்தான் கல்லூரிக் கால்பந்து அணியின் கேப்டன்! படிப்பு முடித்த அதே ஆண்டில் அவருடைய அணி தேசிய அளவில் வெற்றியும் பெற்றது. (நம் பள்ளிக் கால்பந்து அணியினர் இதை அவசியம் கவனிக்கவும்.)

படிப்பு முடிந்ததும் அப்பாவின் தொழிற்சாலையில் சேர்ந்தார். ஆனால் நிம்மதியாக வேலை பார்க்கக் காலம் விடவில்லை. 1914-இல் முதல் உலகப் போர் மூண்டது.

போர்க்களத்தில் ஒரு மெக்கானிக்

ஹூட்ரி பிரெஞ்சு ராணுவத்தில் முதலில் பீரங்கிப் படையிலும், பிறகு டாங்குப் படையிலும் பணியாற்றினார். அப்போது டாங்கு என்பதே புத்தம்புது சமாச்சாரம். 1917 ஏப்ரலில் பிரான்சு தன் டாங்குகளை முதன்முதலாகப் போரில் இறக்கியது. ஜுவின்கூர் என்ற இடத்தில் நடந்த அந்தப் போரில் பல டாங்குகள் அடிபட்டுப் பாதி வழியில் நின்றுபோயின. எதிரிகளின் குண்டு மழைக்கு நடுவே, நின்றுபோன டாங்குகளைப் பழுது பார்க்கும் வேலையை ஹூட்ரி ஏற்பாடு செய்தார். அவரும் பலத்த காயம் அடைந்தார். இந்தத் துணிச்சலுக்காகப் பிரெஞ்சு அரசு அவருக்குப் போர்ச் சிலுவை விருது கொடுத்தது.

அப்போது அவருக்கு வயது 25தான். நின்றுபோன இயந்திரத்தை விட்டுவிட்டு ஓடக்கூடாது, எப்படியாவது மறுபடி ஓட வைக்க வேண்டும் என்ற இந்தக் குணம் கடைசி வரை அவரிடம் இருந்தது. கட்டுரையின் பிற்பகுதியில் இது உங்களுக்கே புரியும்.

பெட்ரோல் மேல் வந்த ஆசை

போர் முடிந்து வந்தவருக்குக் கார் பந்தயத்தின் மேல் பெரிய மோகம். 1922-இல் அமெரிக்கா போய் இண்டியானாபொலிஸ் நகரில் நடக்கும் புகழ்பெற்ற 500 மைல் கார் பந்தயத்தைப் பார்த்தார். டெட்ராய்ட்டில் ஃபோர்டு கார் தொழிற்சாலையையும் சுற்றிப் பார்த்தார். எவ்வளவு நல்ல இன்ஜின் செய்தாலும் அதில் ஊற்றும் பெட்ரோல் நன்றாக இல்லாவிட்டால் பிரயோஜனம் இல்லை என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது.

அந்தக் காலத்து பெட்ரோலில் என்ன குறை? இன்ஜின் சிலிண்டருக்குள் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து அழுத்தப்படும். ஸ்பார்க் பிளக் பொறி தட்டியதும் அந்தக் கலவை சீராக எரிய வேண்டும். மட்டமான பெட்ரோல் அப்படிச் சீராக எரியாது. மிச்சமிருக்கும் கலவை தானாகவே வெடித்து டக், டக் என்று இடிக்கும். இன்ஜினின் வலுவும் குறையும், பாகங்களும் கெட்டுப்போகும். பெட்ரோல் இந்த இடிப்பை எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் அளவுதான் ஆக்டேன் எண். எண் கூடக்கூட பெட்ரோல் உசத்தி.

இன்னொரு கஷ்டமும் இருந்தது. பிரான்சில் பெட்ரோலியம் கிடைப்பது மிகக் குறைவு. ஆனால் பழுப்பு நிலக்கரி உண்டு. அதிலிருந்து பெட்ரோல் எடுக்க முடியுமா? நீஸ் நகரில் இருந்த புருதோம் என்பவர் அதற்கு ஒரு வழி கண்டிருப்பதாக 1922-இல் ஹூட்ரிக்குத் தெரிய வந்தது. உடனே அந்த ஆராய்ச்சியில் குதித்துவிட்டார். அதன் பலனாக 1929-இல் ஒரு நாளைக்கு 60 டன் பழுப்பு நிலக்கரியைப் பயன்படுத்தும் ஆலை கட்டப்பட்டது. பெட்ரோல் வந்தது. ஆனால் செலவு கட்டுப்படியாகவில்லை. அரசும் கைவிட்டுவிட்டது. ஆலையை மூட வேண்டியதாயிற்று. ஏழு வருட உழைப்பு! வேறு யாராக இருந்தாலும் அத்தோடு போதும் என்று வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

களிமண் செய்த மாயம்

நிலக்கரி ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தபோதே ஹூட்ரி இன்னொரு வேலையும் செய்துவந்தார். கச்சா எண்ணெயைக் காய்ச்சினால் பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் எல்லாம் தனித்தனியாகப் பிரியும். கடைசியில் கனமான எண்ணெய் நிறைய மிஞ்சும். அதன் மூலக்கூறுகள் நீளமானவை. அவற்றை உடைத்துச் சின்னதாக்கினால் பெட்ரோல் கிடைக்கும். வெறும் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உடைக்கும் முறை 1913-இலேயே வந்துவிட்டது. ஆனால் அதில் கிடைத்த பெட்ரோல் சுமார் ரகம்தான். வினையூக்கியைக் கொண்டு உடைத்தால் என்ன என்று ஹூட்ரி யோசித்தார்.

பெட்டிச் செய்தி: வினையூக்கி என்றால் என்ன?

பொட்டாசியம் குளோரேட்டைச் சூடாக்கி ஆக்சிஜன் தயாரிக்கும் சோதனை ஞாபகம் இருக்கிறதா? அதில் கறுப்பாக மாங்கனீசு டை ஆக்சைடு பொடியைச் சேர்ப்போம். உடனே ஆக்சிஜன் வேகமாக வரும். கடைசியில் பார்த்தால் அந்தக் கறுப்புப் பொடி போட்டது போட்டபடி அப்படியே இருக்கும். தான் செலவாகாமல் வினையின் வேகத்தை மாற்றும் பொருளே வினையூக்கி. பழைய புத்தகங்களில் வினைவேகமாற்றி என்று இருக்கும். இரண்டும் ஒன்றுதான்.

ஹூட்ரி ஒன்று, இரண்டு அல்ல, நூற்றுக்கணக்கான பொருள்களை வினையூக்கியாகப் போட்டுப் பார்த்தார். கிடைத்த பெட்ரோலைத் தன் பந்தயக் காரிலேயே ஊற்றி ஓட்டிச் சோதித்தார். பல வருடத் தோல்விக்குப் பிறகு 1927-இல் வெற்றி கிடைத்தது. எதில் தெரியுமா? தங்கத்திலோ, பிளாட்டினத்திலோ இல்லை. பக்குவப்படுத்திய ஒருவகைக் களிமண்ணில்! சிலிக்காவும் அலுமினாவும் சேர்ந்த களிமண் அது.

ஆனால் ஒரு சிக்கல். கொஞ்ச நேரம் வேலை செய்ததும் களிமண்ணின் மேல் கரி படிந்துவிடும். வினையூக்கி படுத்துவிடும். மற்றவர்கள் தோற்ற இடமும் இதுதான். ஹூட்ரி என்ன செய்தார்? எண்ணெயை நிறுத்திவிட்டுச் சூடான காற்றை உள்ளே விட்டார். கரி எரிந்து வாயுவாகப் போய்விட்டது. வினையூக்கி பழையபடி தயார்! ஒரு கலனில் எண்ணெய் உடைந்துகொண்டிருக்கும்போதே இன்னொரு கலனில் கரி எரிந்துகொண்டிருக்கும். வால்வுகளைத் திருப்பி மாற்றி மாற்றி ஓட்டினால் ஆலை நிற்கவே வேண்டாம். நின்றுபோன டாங்கை ஓட வைத்தவர் நின்றுபோன வினையூக்கியையும் ஓட வைத்துவிட்டார்.

கரி படிந்தால் எரித்துவிடலாம். இதை மட்டும் நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

அமெரிக்கப் பயணம்

1930-இல் அமெரிக்காவின் வேக்குவம் ஆயில் நிறுவனம் அவரை அழைத்தது. ஹூட்ரி கடல் தாண்டிப் போனார். நியூ ஜெர்சி மாநிலத்துப் பால்ஸ்போரோ என்ற ஊரில் வேலை தொடங்கியது. 1931-இல் ஹூட்ரி பிராசஸ் கார்ப்பரேஷன் என்ற நிறுவனம் உருவானது. அது உலகமெங்கும் பொருளாதார மந்தம் பிடித்திருந்த காலம். பணத்துக்குத் திண்டாட்டம். 1933-இல் சன் ஆயில் நிறுவனமும் கைகொடுத்தது. 1937-இல் பென்சில்வேனியா மாநிலம் மார்க்கஸ் ஹூக் என்ற இடத்தில் பெரிய ஆலை ஓடத் தொடங்கியது. பழைய முறையில் நாலில் ஒரு பங்கு பெட்ரோல் கிடைத்த இடத்தில், புது முறையில் கிட்டத்தட்டப் பாதி கிடைத்தது. அதுவும் உயர்ந்த ஆக்டேன் பெட்ரோல்!

இரண்டாம் உலகப் போரின்போது நேச நாடுகளின் போர் விமானங்களுக்கு 100 ஆக்டேன் பெட்ரோல் தேவைப்பட்டது. போரின் முதல் இரண்டு ஆண்டுகளில், வினையூக்கி முறையில் செய்த விமானப் பெட்ரோலில் 90 சதவீதம் ஹூட்ரியின் ஆலைகளில் இருந்தே வந்தது. செயற்கை ரப்பர் செய்யத் தேவையான பியூட்டாடையீன் என்ற பொருளைத் தயாரிக்கவும் அவர் ஒரு முறை கண்டுபிடித்தார்.

1940-இல் பிரான்சு ஜெர்மனியிடம் வீழ்ந்தது. ஜெர்மனிக்கு அடங்கிய ஓர் அரசு விஷி நகரில் அமைந்தது. அதை ஹூட்ரி ஏற்கவில்லை. அமெரிக்காவில் இருந்தபடியே விடுதலைப் பிரான்சுக்கு ஆதரவு திரட்டும் அமைப்புக்குத் தலைமை தாங்கினார். கோபம் கொண்ட விஷி அரசு 1941-இல் அவருடைய பிரெஞ்சுக் குடியுரிமையைப் பறித்தது. எந்த நாட்டுக்காக ரத்தம் சிந்தினாரோ அந்த நாட்டின் பெயரிலேயே இந்தத் தண்டனை! 1942-இல் அவர் அமெரிக்கக் குடிமகன் ஆனார்.

ஊரை மூடிய மூட்டம்

போர் முடிந்தபோது ஹூட்ரிக்கு வயது 50-ஐத் தாண்டிவிட்டது. பணம், புகழ் இரண்டும் இருந்தன. ஓய்வெடுத்திருக்கலாம். ஆனால் வேறு ஒரு கவலை அவரைப் பிடித்துக்கொண்டது.

1943 ஜூலையில் ஒருநாள் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தை ஒரு மூட்டம் சூழ்ந்தது. ஜனங்களுக்குக் கண் எரிந்தது, தொண்டை கரகரத்தது. போர்க்காலம் இல்லையா? எதிரி நாடு விஷ வாயு விட்டுவிட்டதோ என்றுகூடச் சிலர் பயந்தார்கள். உண்மையில் எதிரி வெளியில் இல்லை, ஊருக்குள்தான் இருந்தான். அந்த ஊரில் கார்கள் மிக அதிகம். கார் புகையில் உள்ள பொருள்கள் வெயிலில் வினைபுரிந்து ஓசோன் முதலிய எரிச்சல் தரும் வாயுக்களை உண்டாக்குகின்றன என்று வேதியியல் அறிஞர் ஹாகன்-ஸ்மிட் 1950-களின் தொடக்கத்தில் விளக்கினார். மேல் வளிமண்டலத்தில் இருக்கும்போது நம்மைக் காக்கும் அதே ஓசோன், தரைமட்டத்தில் இருந்தால் நமக்கு விரோதி!

இந்தச் செய்திகளை ஹூட்ரி கூர்ந்து படித்தார். நுரையீரல் புற்றுநோய் கூடிவருவதும், அதற்குக் கார் புகை ஒரு காரணமாக இருக்குமோ என்பதும் அவரை உறுத்தின. இத்தனைக்கும் அந்தக் கார்களில் எரிந்தது அவர் வழி காட்டிய பெட்ரோல்தான். விற்றதோடு என் வேலை முடிந்தது என்று அவர் இருந்துவிடவில்லை. ஆக்ஸி-கேட்டலிஸ்ட் என்று புதிய நிறுவனம் தொடங்கி, புகையைச் சுத்தம் செய்யும் ஆராய்ச்சியில் இறங்கினார்.

புகைக்குள் என்ன இருக்கிறது?

பெட்ரோல் முழுசாக எரிந்தால் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும்தான் வரவேண்டும். ஆனால் இன்ஜினுக்குள் எரிவதற்குக் கிடைக்கும் நேரம் கண் இமைக்கும் நேரத்தை விடக் குறைவு. அதனால் மூன்று வேண்டாத விருந்தாளிகள் வெளியே வருகிறார்கள்.

முதலாவது, கார்பன் மோனாக்சைடு. நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் இது உட்கார்ந்துகொள்ளும். மூடிய இடத்தில் ஆளையே கொன்றுவிடும்.

இரண்டாவது, எரியாத ஹைட்ரோகார்பன்கள். அதாவது பாதி வெந்த பெட்ரோல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, நைட்ரஜன் ஆக்சைடுகள். காற்றில் சாதுவாக இருக்கும் நைட்ரஜன், இன்ஜினின் கடும் வெப்பத்தில் ஆக்சிஜனோடு சேர்வதால் வருவது.

முதல் இரண்டையும் எப்படி ஒழிப்பது? இன்னும் கொஞ்சம் ஆக்சிஜன் கொடுத்து எரித்துவிட்டால் போதும், தீங்கு குறைந்த கார்பன் டை ஆக்சைடாகவும் தண்ணீராகவும் மாறிவிடும். ஆனால் குழாய்க்குள் நெருப்பு மூட்ட முடியுமா? அங்கேதான் வினையூக்கி வருகிறது. பீங்கான் குச்சிகளை வரிசையாக அடுக்கி, அவற்றின் மேல் அலுமினாவைப் பூசி, அதன் மேல் துளியூண்டு பிளாட்டினம் சேர்த்தார் ஹூட்ரி. சூடான புகை அந்தக் குச்சிகளை உரசிக்கொண்டு போகும்போது, பிளாட்டினத்தின் பரப்பில் ஆக்சிஜனும் வேண்டாத வாயுவும் சந்திக்கும். தீ இல்லாமலே எரிதல் நடந்து முடியும். பிளாட்டினம் மட்டும் அப்படியே இருக்கும்.

ஒன்றைக் கவனியுங்கள். இது டீ வடிகட்டி மாதிரி அழுக்கைப் பிடித்து வைப்பது இல்லை. அழுக்கையே வேறு பொருளாக மாற்றிவிடுகிறது. அதனால்தான் இதன் பெயர் வடிகட்டி அல்ல, மாற்றி. 1956-இல் ஹூட்ரிக்கு இதற்கான காப்புரிமை கிடைத்தது. கிடங்குகளுக்குள் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டிகளிலும், ஆலைப் புகைபோக்கிகளிலும் இந்த வகைச் சாதனங்கள் பொருத்தப்பட்டன. மூடிய கிடங்குக்குள் நாள் முழுவதும் வேலை செய்த தொழிலாளிகளுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி!

குறுக்கே நின்ற ஈயம்

அப்படியானால் எல்லாக் கார்களிலும் உடனே மாட்டியிருப்பார்களே? அதுதான் இல்லை!

இன்ஜின் இடிப்பைத் தடுக்க இன்னொரு குறுக்கு வழி 1921-இல் அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. டெட்ரா எத்தில் லெட் என்ற ஈயச் சேர்மத்தைப் பெட்ரோலில் கொஞ்சம் கலந்தால் போதும், இடிப்பு நின்றுவிடும். மலிவும்கூட. அதனால் அமெரிக்காவில் விற்ற கார் பெட்ரோலில் பெரும்பகுதி ஈயப் பெட்ரோலாக ஆகிவிட்டது. ஹூட்ரி முறையில் வந்த நல்ல பெட்ரோலும் இதற்குத் தப்பவில்லை.

இந்த ஈயம் புகையோடு வந்து பிளாட்டினத்தின் மேல் படிந்து மூடிவிடும். ஹூட்ரியின் கன்வர்ட்டர் கொஞ்ச நாளில் செத்துப்போகும். களிமண்ணில் படிந்த கரியைக் காற்று விட்டு எரித்தார் என்று ஞாபகம் வைக்கச் சொன்னேன் அல்லவா? ஈயம் ஓர் உலோகம். கரி மாதிரி அது எரிந்து வாயுவாகப் போகாது. எதையும் பழுது பார்த்து ஓட வைத்த மனிதருக்கு, இந்த ஒன்றை மட்டும் பழுது பார்க்க வழி இல்லை. கோளாறு அவருடைய கருவியில் இல்லை, பெட்ரோலில் இருந்தது. பெட்ரோலை மாற்றுவது ஒரு தனி மனிதரால் ஆகிற காரியமா? சட்டம் வேண்டும், அரசு வேண்டும்.

1959-இல் வேதியியல் தொழில்துறையின் பெரிய விருதான பெர்க்கின் பதக்கம் ஹூட்ரிக்குக் கிடைத்தது. ஆனால் சாலையில் ஓடும் கார்களில் தன் கன்வர்ட்டரைப் பார்க்கும் பாக்கியம் அவருக்குக் கிடைக்கவில்லை. 1962 ஜூலை 18-ஆம் நாள், 70-ஆவது வயதில் பென்சில்வேனியாவில் காலமானார்.

அவர் போன பிறகு நடந்தது

கதை இத்துடன் முடிந்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுதியிருக்கவே மாட்டேன். இனிமேல்தான் முக்கியமான கட்டம்.

1970-இல் அமெரிக்கா தூய காற்றுச் சட்டத்தைக் கடுமையாக்கியது. 1975-ஆம் ஆண்டுக் கார்களில் கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும் 90 சதவீதம் குறைக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. கார் கம்பெனிகள் முடியவே முடியாது என்று முரண்டு பிடித்தன. கடைசியில் கொஞ்சம் அவகாசம் வாங்கிக்கொண்டு, ஹூட்ரி காட்டிய வழிக்குத்தான் வந்தன. 1975-ஆம் ஆண்டு மாடல் கார்களில் கேட்டலிடிக் கன்வர்ட்டர் பரவலாக இடம்பிடித்தது.

ஆனால் ஈயப் பெட்ரோல் ஊற்றினால் கன்வர்ட்டர் கெட்டுவிடுமே? அதனால் 1974 முதலே பெட்ரோல் பங்குகளில் ஈயம் இல்லாத பெட்ரோலும் விற்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. பார்த்தீர்களா? எந்த ஈயம் ஹூட்ரியின் கருவியைத் தோற்கடித்ததோ, அந்த ஈயத்தைப் பெட்ரோலை விட்டு விரட்டும் வேலையை அதே கருவி தொடங்கி வைத்தது!

இதில் நமக்கு என்ன என்கிறீர்களா? நமக்குத்தான் எல்லாமே. ஈயம் முக்கியமாகக் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். படிப்பு, ஞாபகசக்தி, கவனம் எல்லாவற்றையும் கெடுக்கும். அமெரிக்காவில் 1976-க்கும் 1980-க்கும் நடுவில் ரத்தப் பரிசோதனை செய்து பார்த்தபோது, பெட்ரோலில் ஈயம் குறையக் குறைய மக்கள் ரத்தத்திலும் ஈயம் குறைந்தது தெரிந்தது. கார் புகைக்காகச் செய்த ஒரு டப்பா, எத்தனையோ குழந்தைகளின் மூளையையும் காப்பாற்றிவிட்டது.

கன்வர்ட்டரும் வளர்ந்தது. பீங்கான் குச்சிகளுக்குப் பதிலாகத் தேன்கூடு மாதிரி நுண்ணிய துளைகள் உள்ள பீங்கான் கட்டியை கார்னிங் நிறுவனத்தின் பாக்லி, லாக்மன், லூயிஸ் ஆகிய மூவர் உருவாக்கினார்கள். துளைகள் அதிகமானால் பரப்பும் அதிகம், புகை உரசும் இடமும் அதிகம். எங்கல்ஹார்டு நிறுவனத்தின் கார்ல் கீத், ஜான் மூனி குழுவினர் மூன்று விருந்தாளிகளையும் ஒரே டப்பாவில் மடக்கும் மும்முனை கன்வர்ட்டரைக் கொண்டுவந்தார்கள். அதில் ரோடியம் என்ற உலோகம் நைட்ரஜன் ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனைக் கழற்றிவிடும். நைட்ரஜன் பழையபடி சாதுவாகக் காற்றில் கலந்துவிடும். பிளாட்டினம், பல்லேடியம் மற்ற இரண்டையும் எரிக்கும். ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று (எடையில்) என்ற கணக்கு சரியாக இருந்தால்தான் மூன்று வேலையும் ஒன்றாக நடக்கும். அதைக் கண்காணிக்கக் குழாயில் ஓர் ஆக்சிஜன் சென்சார் உண்டு. எல்லாம் சரியாக இருந்தால் இந்த மூன்று வாயுக்களிலும் 90 சதவீதத்துக்கு மேல் மாறிவிடும்.

நம் நாட்டில் 1995 ஏப்ரல் 1 முதல் டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு பெருநகரங்களிலும் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கன்வர்ட்டர் கட்டாயம் ஆனது. அவற்றுக்காக ஈயம் இல்லாத பெட்ரோலும் வந்தது. 2000 பிப்ரவரி முதல் நாடு முழுவதும் ஈயம் நீங்கிய பெட்ரோல்தான். உலகத்திலேயே கடைசியாக அல்ஜீரியா 2021-இல் ஈயப் பெட்ரோலை நிறுத்தியது. ஹூட்ரி இறந்து 59 வருடம் கழித்து! இப்போது பைக், ஸ்கூட்டர்களிலும் சின்னக் கன்வர்ட்டர் இருக்கிறது.

குறையும் உண்டு

உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா? கன்வர்ட்டர் சர்வரோக நிவாரணி கிடையாது. சுமார் 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரை சூடானால்தான் அது ஒழுங்காக வேலை செய்யும். வண்டியை ஸ்டார்ட் பண்ணின முதல் ஓரிரு நிமிடம் புகை கிட்டத்தட்ட அப்படியேதான் வரும். பக்கத்துத் தெருவுக்குக்கூட வண்டி எடுப்பவர்கள் இதை யோசிக்கலாம். அதோடு, கன்வர்ட்டரிலிருந்து வருவதும் கார்பன் டை ஆக்சைடுதானே? பூமி சூடாவதை அது தடுக்காது. அந்த வேலையை வருங்காலத்தில் வேறு யாராவது முடிக்க வேண்டும். ஏன், நம் வகுப்பிலேயே அந்த ஆள் இருக்கலாம்!

நாம் கற்றுக்கொள்வது

1990-இல் அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர் மன்றத்தில் ஹூட்ரியின் பெயர் சேர்க்கப்பட்டது. அவருக்கு அது தெரியப்போவது இல்லை. ஆனால் நமக்குத் தெரிய வேண்டும்.

அவரிடம் எனக்குப் பிடித்த குணங்கள் இரண்டு. ஒன்று, விடாமுயற்சி. ஏழு வருட உழைப்பு வீணானபோதும் அவர் சோர்ந்து உட்காரவில்லை. இரண்டாவது அதைவிடப் பெரியது. தான் செய்த பொருளால் ஊருக்கு ஒரு கெடுதல் வருகிறது என்றால் அதற்குத் தானும் பொறுப்பு என்று நினைத்தது. சாப்பிட்ட இலையை நாமே எடுப்பது மாதிரிதான் இதுவும். சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஆனால் உலகத்தில் எத்தனை பேர் செய்கிறார்கள்?

சரியான காரியம் உடனே ஜெயிக்காமல் போகலாம். அதனால் அது தப்பான காரியம் ஆகிவிடாது. அடுத்த முறை சாலையில் ஒரு கார் நம்மைத் தாண்டிப் போகும்போது, கண் எரியாமல் இருந்தால், ஒரு நிமிடம் யூஜின் ஹூட்ரியை நினைத்துக்கொள்வோம்.

யோசித்துப் பாருங்கள்

1. வினையூக்கி செலவாகாது என்று படித்தோம். அப்படி இருக்க, கன்வர்ட்டர் ஏன் கெட்டுப்போகிறது?

2. தேன்கூடு மாதிரி துளைகள் போட்டால் பரப்பு ஏன் கூடுகிறது? ஒரு சாக்பீசை நாலாக உடைத்து, அளந்து, கணக்குப் போட்டுப் பாருங்கள்.

விடைகளை எழுதி அறிவியல் ஆசிரியரிடம் கொடுக்கவும். சரியான விடைகள் அடுத்த மாதச் சுவர் இதழில் இடம்பெறும்.